பிச்சையம்மா நடத்துன பெரட்டு

பிச்சையம்மாளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு எங்க தோட்டத்துல மொதல்ல சொன்ன ஆளு நான்தான். அத இப்ப எதுக்கு மறைக்கணும்? மலாயாவுல கெடா மாநிலம், சிடாம் கிரிக்கு அந்தாண்ட, ஆறாங்கட்டத் தோட்டத்து லயத்துல அவ வீடும் என் வீடும் அடுத்தடுத்து. நடுவுல ஒரே ஒரு பலகைச் சுவரு. அவ ஆட்டுக்குப் புத்தி சொல்றது இந்தப் பக்கம் எனக்குச் சுத்தமாக் கேக்கும். "மணி அடிச்சா எங்க போவணும்? நேத்து எங்க போன? அங்கதான் போவணும், வேற எங்கயும் நின்னு மேயக் கூடாது, புரியுதா?" இவ்வளவு பொறுமையா அவ புருஷன் ராமையாகிட்டப் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

அப்ப அவளுக்கு முப்பது வயசு இருக்கும். குட்டையான பொம்பள, நடக்குறதே ஓட்டமாத்தான் இருக்கும். பாலுக்கு ரப்பர் மரத்துப் பட்டைய வெட்டுறதுல ஆம்பளைங்கள விடக் கை வேகம். பிள்ளை இல்ல. அதப் பத்தி யாராவது பேச்ச இழுத்தா வாளியத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவா. வீட்ல செவலைன்னு ஒரு நாயி வெச்சிருந்தா. அவ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அது அவ காலடியில படுத்திருக்கும், அவ்வளவுதான் அதோட வேலை.

நாற்பத்தொண்ணு டிசம்பர்ல சுங்கைப் பட்டாணியில ஜப்பான்காரன் குண்டு போட்டான். அந்த அதிர்ச்சியில எங்க கித்தாக் காட்டுல, அதான் ரப்பர் காட்டுல, மரத்துக்கு மரம் பால் பிடிக்கிற மங்கு ஆடுச்சு. துரை அன்னிக்கு மத்தியானமே காரெடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாலதான் பங்களாவுக்குப் பின்னால மேட்டுல தனக்கு ஒரு பதுங்குகுழி வெட்டச் சொல்லி எங்க உசிர எடுத்திருந்தாரு. எட்டு ஆளு, பதினாறு நாளு. மேல கட்டை அடுக்கி, மண்ணு மூட்டை போட்டு, உள்ள உக்கார பெஞ்சு, சோடா பாட்டில் வைக்க ஒரு பலகை. குண்டு விழுந்தப்ப அவரு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. சரி, நாங்களாவது போயி எறங்குனோமா? அதுவும் இல்ல. துரையோட குழி, எங்களுக்கு யாரு உத்தரவு குடுத்தா? மண்ணு மூட்டை போட்ட குழிய விட்டுட்டு எல்லாரும் ஆத்தோரம் ஓடி மூணு நாளு புதருக்குள்ள கெடந்தோம்.

பின்னால வந்து குரைச்சுக் காட்டிக் குடுத்துடும்னு பிச்சையம்மா செவலையத் தூணுல கட்டிப் போட்டுட்டு வந்திருந்தா. பொழுது சாயத் திரும்பிடலாம்னு நெனப்பு. மூணு நாளு கழிச்சு வந்து பாத்தா, அது தூணச் சுத்திச் சுத்திக் கயிறு முழுக்கச் சுருண்டு, கழுத்து தூணோட ஒட்டிக் கெடந்துச்சு. அவ உக்காந்து அந்தக் கயித்த ஒவ்வொரு சுத்தா அவுத்தா. ராமையா வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "நாயிதானே, போனா போவுது"ன்னான். ஒரு வாரம் அவனுக்கு வெளியிலதான் படுக்கை. சோறும் நான்தான் போட்டேன். அந்தக் கயித்த அவ எரிக்கவும் இல்ல, தூக்கிப் போடவும் இல்ல, சுருட்டி ஆணியில மாட்டி வெச்சு, இனிமே எதையும் கட்டிப் போட மாட்டேன்னா.

அப்புறம் ஒண்ணொண்ணாச் சேத்தா. துரை பங்களாவுல விட்டுட்டுப் போன பெரிய நாயி பசியில லயத்துக்கு எறங்கி வந்துச்சு. அதோட வெள்ளைக்காரப் பேரு எங்க வாயில நுழையல, சோல்ஜர்னு வெச்சா. ஒரு வெள்ளாடு, ஒரு வாத்து, கூப்பிட்டா வராததால பேரே வெக்காத ஒரு பூனை. ஆட்டுக்குக் கெப்பலான்னு பேரு. மலாய்ப் பாஷையில அது தலைவருன்னு அர்த்தம், வேல வாங்குற ஆளத்தான் நாங்க அப்படிக் கூப்பிடுவோம். அந்த ஆடு நிக்கிறத ஒரு தடவ பாத்திருந்தீங்கன்னா வேற பேரு சொல்லியிருக்க மாட்டீங்க.

இப்ப பெரட்டுன்னா என்னன்னு சொல்லணும். தோட்டத்துல விடிஞ்சும் விடியாம எல்லாரும் களத்துல வந்து வரிசையா நிக்கணும், கங்காணி பேரு வாசிப்பாரு, ஆளாளுக்கு "இருக்கேன்"னு சொல்லணும். அதான் பெரட்டு. களத்துல ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுல ஒரு இரும்பால அடிச்சா ரெண்டு மைலுக்குக் கேக்கும். ஜப்பான்காரன் வந்தப்புறம் கித்தாப் பால வாங்க நாதி இல்ல, காட்டுல பாதிய அழிச்சு மரவள்ளி நட்டோம். ஆனா கங்காணி முருகையா பெரட்டு மணிய மட்டும் நிறுத்தல. மனுசனுக்கு வேற என்ன தெரியும், பாவம்.

நாற்பத்திரெண்டுல ஒரு நாளு ஜப்பான் சோல்ஜருங்க லோரியில வந்தானுங்க. வந்தவன் நேராப் போயி அந்தத் தண்டவாளத்த அடிச்சான். நாங்க மொத்தப் பேரும் களத்துல போயி நிமிர்ந்து நின்னோம். நாங்க நிக்க, இன்னொரு கூட்டம் காலி லயத்துல பூந்து கோழி, ஆடு எல்லாத்தையும் வாரி லோரியில போட்டானுங்க. எந்த நாயோ நரியோ சொல்லிக் குடுத்திருக்கு அவனுக்கு, இந்தச் சனம் மணி அடிச்சா வீட்ட விட்டு வந்துடும்னு. கெப்பலா அன்னிக்கு மேட்டுப் பக்கம் மேஞ்சதால தப்பிச்சுச்சு.

மறுநாள்ல இருந்து பிச்சையம்மா ஆரம்பிச்சா. மணி அடிச்சதும் வீட்டுல உள்ள நாலு சீவனும் துரை வெட்டின குழிக்குள்ள போயிடணும். அதான் பாடம். முதல்ல அவளே தூக்கிக்கிட்டுப் போனா. அப்புறம் குழி வாசல்ல அவிச்ச கிழங்கு வெச்சு இழுத்தா. ரெண்டு மாசத்துல எல்லாம் தானாப் போக ஆரம்பிச்சிருச்சு. காலையில மணி அடிக்கும். நாங்க வாளியும் கையுமாக் களத்துக்கு எறங்குவோம். எங்களுக்கு எதிர்ப்பக்கம் கெப்பலா முன்னால, சோல்ஜர் பின்னால, வாத்து ஆடி ஆடி, பூனை சம்பந்தமே இல்லாத மாதிரி கொஞ்சம் தள்ளி, மேட்டுக்கு ஏறும். பேரு வாசிச்சு முடிஞ்சதும் இவ குழிக்குப் போயிச் சிரட்டையத் தட்டுவா. ஒவ்வொண்ணு தலையிலயும் கைய வெச்சு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு"ன்னு எண்ணிட்டுத்தான் வெளிய விடுவா.

நான் சும்மா இருப்பேனா? "என்ன பிச்சையம்மா, உன் ஆளுங்களுக்கு இன்னிக்கு எத்தன மரம் குடுத்த?"ன்னு கேப்பேன். "உங்க வரிசைய விட என் வரிசை தேவல அண்ணே"ன்னுட்டுப் போயிடுவா.

அதோட விட்டாளா! துணியில ஆளுக்கொரு பை தச்சா. வெயில்ல காயவெச்ச கிழங்குத் துண்டு, ஒரு பொட்டலம் உப்பு, தண்ணி மொள்ள ஒரு டின்னு, அவளோட பழைய சேலையில ஒரு துண்டு. சேலை எதுக்குன்னு கேட்டேன். "எடம் மாறுனா பயப்படும் அண்ணே, என் வாசம் இருந்தா அடங்கிக் கெடக்கும்"னா. பால் டின்னத் தட்டையா அடிச்சு, தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணியக் கெஞ்சி ஆணியால எழுத்துக் கீறி வாங்கி, ஒவ்வொரு பையிலயும் கட்டினா. ஆட்டுப் பையில இருந்தது இதுதான்: கெப்பலா, ஆறாங்கட்டத் தோட்டம், சிடாம் கிரி, பிச்சையம்மா வீடு. "தொலஞ்சு போனா யாராச்சும் படிச்சுக் கொண்டாந்து விடணுமில்ல?" கடைசியா என்கிட்டயே வந்து, "நான் வீட்ல இல்லாதப்ப ஏதாச்சும் ஆயிட்டா நீங்கதான் அண்ணே இதுங்களப் பாத்துக்கணும், சத்தியம் பண்ணுங்க"ன்னா. ஒரு வாத்துக்காகக் கையடிச்சுச் சத்தியம் பண்ணின ஆம்பள இந்தக் கெடாவுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

நாற்பத்திமூணுல சேதி வந்துச்சு. சயாம்ல ரயில் ரோடு போடுறானாம், ஆளு பிடிக்கிறானாம். மொதல்ல மூணு மாசம் வேல, அரிசி, துணின்னு ஆசை காட்டினான். போனவன் ஒருத்தனும் திரும்பல. அப்புறம் ஆசை காட்டுறதும் நின்னு போச்சு. கோலா கெத்தில் பக்கம் ஒரு தோட்டத்துல பெரட்டு மணி அடிச்சு, வந்து நின்ன வரிசையிலயே நாப்பது ஆள லோரியில ஏத்திட்டானாம். சேதி கேட்ட அன்னிக்குப் பிச்சையம்மா கிழங்கு அவிக்கல. சுவருக்கு அந்தப் பக்கம் அவ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. "இந்தா பாரு, உன்னச் சயாமுக்கு விட மாட்டேன். காலையில ஆறு மணிக்கு அடிக்கிறது கங்காணி மணி, அதுக்குப் போ. வேற எந்த நேரத்துல அடிச்சாலும் அது சயாம் மணி. ஆட்டுக்குப் பின்னால ஓடு." ராமையா, "சரி சரி, ஓடுறேன்லா"ன்னான்.

ராமையாவப் பத்தி ஒண்ணு சொல்லணும். பதினெட்டு வருசத்துல ஒரு பெரட்டுக்கூடத் தப்பினதில்ல. காய்ச்சல்ல கம்பளியோட வந்து நின்னிருக்கான். அவன் அப்பா செத்த அன்னிக்கு வந்து பேரு சொல்லிட்டுத்தான் எடுக்கப் போனான். அதுக்காகத் துரை அவனுக்கு ஒரு டார்ச் லைட்டு குடுத்தாரு. பேட்டரி செத்துப் பல வருசம், ஆனாலும் அது சாமி படத்துக்குப் பக்கத்துல தொங்குச்சு.

அவ நம்பல. சோதிச்சுப் பாத்துடணும்னு, ஒரு நாளு மத்தியானம் ரெண்டு மணிக்கு நேராக் களத்துக்குப் போயித் தண்டவாளத்துல ஓங்கி அடிச்சா. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள லயம் காலி. கிழங்கு தின்னவன் வாயோட வந்தான், குளிச்சவன் சோப்போட வந்தான். நூத்தி நாப்பது பேரும் வரிசையில நிக்கிறோம். நாலாவது ஆளு ராமையா. ஏன் அடிச்சாங்கன்னு ஒருத்தன் கேக்கல. அதுகூடப் பரவாயில்ல. கங்காணி முருகையா, தோட்டத்துல மணி அடிக்க வேண்டிய ஒரே ஆளு, தூக்கக் கலக்கத்துல புஸ்தகத்த எடுத்துக்கிட்டு ஓடியாந்து பேரு வாசிக்க ஆரம்பிச்சிட்டாரு! நாங்களும் "இருக்கேன், இருக்கேன்"னு சொல்றோம். கடைசிப் பேரு வரைக்கும் வாசிச்சு, புஸ்தகத்த மூடினப்புறம்தான் மனுசனுக்கு உறைச்சுச்சு. "ஆமா, யார்ரா மணி அடிச்சது?"

பிச்சையம்மா இரும்பக் கையில வெச்சுக்கிட்டே எங்களப் பாத்தா. "நாலு சீவன் மேட்டுக்குப் போயிருச்சு. நூத்தி நாப்பது பேரு இங்க நிக்கிறீங்க. லோரி வந்திருந்தா? அட, லோரி வந்திருந்தா என்ன பண்ணுவீங்க?" நாங்க சிரிச்சோம். நான்தான் ரொம்பச் சிரிச்சேன். கங்காணி அவள வாய்க்கு வந்தபடி திட்டி, இனிமே அந்த இரும்பத் தொட்டா தோட்டத்த விட்டே தொரத்திடுவேன்னாரு.

அன்னிக்குச் சாயங்காலம் ஆணியில இருந்த செவலையோட கயித்த எடுத்தா. ஒரு முனைய ராமையா இடுப்புல கட்டி மறு முனையக் கெப்பலா கழுத்துல கட்டினா. முடிச்சுல துணியச் சுத்தித் தச்சே விட்டுட்டா. காலைப் பெரட்டு முடிஞ்சதும் கட்டுவா, இருட்டினதும் கத்திரியால பிரிப்பா. இனிமே எதையும் கட்டிப் போட மாட்டேன்னு சொன்ன பொம்பள. நான் அத ஞாபகப்படுத்தினேன். "கட்டிப் போடல அண்ணே, புத்தி உள்ளதோட கட்டி விட்டிருக்கேன்"னா.

பதினோரு நாளு தோட்டத்துக்கே அது கூத்து. ராமையா கிழங்குக் கொல்லையில களை எடுக்க எடத்த மாத்தினா ஆடு வராது, ஆடு எடத்த மாத்தினா இவன் போயித்தான் ஆவணும். யாரு யார மேய்க்கிறதுன்னு கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு வலிச்சுச்சு. அவன் வெக்கத்துல பேச்ச நிறுத்திட்டான். அறுத்து எறிஞ்சிருக்கலாம் இல்ல? எறியல. பொண்டாட்டிக்குப் பயந்தானா, சயாமுக்குப் பயந்தானா, அது அவனுக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டாம் நாளு மத்தியானம் மணி அடிச்சுச்சு. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அந்த மணி ஆறு மணி மணி இல்லன்னு எனக்குத் தெரியும். மத்தியான மணி என்ன மணின்னு பிச்சையம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நூறு தடவ சொல்லி நான் கேட்டிருக்கேன். அப்படியும் எந்திரிச்சேன். கையக் கழுவினேன். சட்டையப் போட்டுப் பொத்தான் மாட்டிக்கிட்டே நடந்தேன். இத நெனச்சா இன்னிக்கும் என் காலு மேலயே எனக்கு ஆத்திரம் வருது.

வழியில கெப்பலா எனக்கு எதிர்ல வந்துச்சு. பின்னால ராமையா. காலு களத்துக்கும் ஒடம்பு மேட்டுக்குமா இழுபடுறான், கைலி ஒரு பக்கம் கிழியுது, கித்தா மரத்தப் பிடிச்சு நிக்கப் பாக்குறான். அந்த ஆடு தலையக் குனிஞ்சு ஒரு இழு இழுத்துச்சு பாருங்க, ஆளு மண்ணுல விழுந்து வயித்தாலயே மேடு ஏறுனான். "பரஞ்சோதி! பேரு கூப்பிடப் போறாங்க! நான் வந்துட்டே இருக்கேன்னு கங்காணிகிட்டச் சொல்லு!"ன்னு கத்திக்கிட்டே போனான். நான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே போயி வரிசையில நின்னேன்.

களத்துல லோரி நின்னுச்சு.

ஜப்பான் அதிகாரி ஒருத்தன், பக்கத்துல பேச்ச மாத்திச் சொல்ல ஒருத்தன். கங்காணி பேரு வாசிச்சாரு. "ராமையா." சத்தம் இல்ல. மறுபடியும், "ராமையா." அந்த ஆயுசுல மொதத் தடவையா ராமையா பேருக்குப் பதில் வரல. அதிகாரி நிமிர்ந்து பாத்தான். கங்காணி உள்ளதச் சொல்லிட்டாரு. "ஆடு இழுத்துட்டுப் போயிருச்சுங்க." பக்கத்துல நின்னவன் அத மாத்திச் சொன்னான். அதிகாரி மறுபடி கேட்டான், இவன் மறுபடி சொன்னான், கையால கயிறு காட்டி, ஆடு மாதிரிக் கொம்பும் காட்டினான். அதிகாரி வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். கண்ணத் தொடச்சுக்கிட்டு அடுத்த பேருன்னு கை காட்டினான். அடுத்த பேரு என் பேரு. "இருக்கேன்"னேன்.

முப்பத்திரெண்டு பேர ஏத்தினான். லோரி பங்களா மேட்டச் சுத்திப் போறப்ப பிச்சையம்மா சரிவுல உருண்டு பெரண்டு ஓடியாந்தா. அவ எங்க எல்லார் மொகத்தையும் பாத்தா. கையில இருந்த பைய என் மேல எறிஞ்சா. "அண்ணே, தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிங்க! பைய விட்றாதீங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டே லோரிக்குப் பின்னால ஓடியாந்தா. பிரிச்சுப் பாத்தா அது ஆட்டுப் பை.

சயாமப் பத்தி நான் பேச மாட்டேன். அந்த உப்பு நாலு மாசம் வந்துச்சு. டின்னுல தண்ணி கொதிக்க வெச்சேன். சேலைத் துண்டத் தலையில சுத்திக்கிட்டுப் படுத்தா, இருக்குற எடம் கொஞ்ச நேரம் மறந்து போவும், அவ சொன்னது சரிதான். சண்ட முடிஞ்சப்ப நான் காய்ச்சல்ல பேச்சு மூச்சு இல்லாம ஒரு கொட்டாயில கெடந்தேன். எங்கள ஊர் ஊராப் பிரிச்சு அனுப்ப வந்தவங்கள்ல தமிழாளு ஒருத்தரு, செலஸ்டின்னு பேரு, பையிலேர்ந்து அவுத்து நான் கழுத்துல மாட்டியிருந்த பேருத் தகரத்தத் தொடச்சுப் படிச்சிருக்காரு. "கெப்பலாவா? சிடாம் கிரியா? கெடா வண்டியில ஏத்து"ன்னுட்டாரு. கண்ணு முழிச்சப்ப ரயிலு ஓடிக்கிட்டு இருந்துச்சு. சுங்கைப் பட்டாணியில எறங்கி எழுதிக் குடுக்குற வரைக்கும் கவர்மெண்டு காகிதத்துல என் பேரு கெப்பலாதான்.

தோட்டத்துக்குள்ள நான் நடந்து வந்து சேந்தப்ப விடியுற நேரம். லயம் அப்படியே இருந்துச்சு, எங்க முப்பத்திரெண்டு பேருல எனக்கு முன்னால மூணு பேருதான் திரும்பியிருந்தாங்க. புது துரை வந்துட்டாராம். கொல்லையோரம் கெப்பலா நின்னுச்சு, கெழடு தட்டி, பக்கத்துல ஒரு குட்டியோட. நான் அது மொகத்தத் தடவிக்கிட்டு நின்னேன். எனக்கு அழுகையா வந்துச்சு.

அப்ப மணி அடிச்சுச்சு.

கதவெல்லாம் தொறந்துச்சு. சனம் வாளியோட எறங்குச்சு. முன்னால ராமையா, நெஞ்ச நிமித்திக்கிட்டு. ஆடு இழுத்ததுல அந்த ஒரு நாளு பெரட்டு தப்பிப் போச்சேன்னு அவன் இன்னமும் அவளோட மனத்தாங்கலாம், பின்னால சொன்னாங்க. கெப்பலா ஒரு பார்வ பாத்துட்டு மேட்டுக்குக் கிளம்புச்சு. குட்டி, வாத்து, பூனை. சோல்ஜர் மட்டும் இல்ல, போன மழையில செத்துருச்சாம். என் காலு ஓட ஆரம்பிச்சது எனக்கே தெரியல. இருக்குற எலும்பயெல்லாம் சேத்துக்கிட்டு அதுங்க பின்னால ஓடி, குழிக்குள்ள எறங்கி, துரையோட பெஞ்சுக்கு அடியில போயி உக்காந்துட்டேன்.

கொஞ்ச நேரத்துல வாசல்ல சிரட்டை தட்டுற சத்தம் கேட்டுச்சு. பிச்சையம்மா குனிஞ்சு உள்ள வந்தா. இருட்டுல ஆளு தெரியல போல, வழக்கம்போலக் கைய நீட்டித் தலை தலையாத் தொட்டா. "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு." அப்புறம் கை என் தலையில வந்து நின்னுச்சு. நெத்தியத் தடவுச்சு, கழுத்துக்கு எறங்கித் தகரத்தத் தொட்டுச்சு.

"அஞ்சு"ன்னா. அப்படியே மண்ணுல உக்காந்து என் தலைய விடாமப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா.

களத்துல கங்காணி பேரு வாசிக்கிறது கேட்டுச்சு. நான் எந்திரிக்கல.